கேட்க நேர்ந்த பாட்டு: அத்திப்பட்டுத் தடத்தில் புதிய இசை வந்துசேரும் வழிகள்

1. கேள்வி

கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயில் சென்னையில் புறப்படும் இடத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். 1985இல் தீக்கு இரையாகும்வரை அங்கிருந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடு பழைய இசைத்தட்டுகளும் விற்றன. முன்பின் கேட்டிராத பாடகர்களைச் சென்னைவாசிகள் கண்டெடுத்த இடங்களுள் அதுவும் ஒன்று. இன்று அதே மனையிலிருந்து கிளம்பும் வண்டி கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே ஓடி, அத்திப்பட்டு என்ற பெயரில் இரண்டு இடங்களில் நிற்கிறது. முதலில் வருவது அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு. கிழக்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், வல்லூர் அனல்மின் நிலையமும், 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும் இருக்கின்றன. அந்தத் துறைமுகத்துக்கு இப்போது காமராசர் பெயர். வண்டி மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டை அடைகிறது. சில வண்டிகள் மாநில எல்லையைக் கடந்து சூலூர்ப்பேட்டை வரைக்கும் போகும்.

இந்தத் தடத்தில் வாழ்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். கொசஸ்தலையாற்றையும் கழிமுகத்தையும் நம்பியிருக்கும் மீனவர்கள், நிலம் கொடுத்துவிட்டு ஒப்பந்த வேலைக்குப் போகும் உழவர் வீட்டுப் பிள்ளைகள், இரண்டு தலைமுறையாகத் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் குடும்பங்கள், கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து ஓர் அறையில் பலராகத் தங்கியிருக்கும் இளைஞர்கள் என்று பலர். இவர்களில் ஒருவருடைய காதுக்கு அவர் அதுவரை அறியாத ஒரு பாட்டு முதன்முறையாக எப்படி வந்துசேர்கிறது? இக்கட்டுரை கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் புதிய இசையை மக்கள் கண்டடைவது பற்றி இன்று பேசப்படுவதில் பெரும்பகுதி, கையில் கைபேசியும் காதில் கருவியுமாகத் தனித்து உட்கார்ந்திருக்கும் ஒருவரை மனத்தில் வைத்துப் பேசப்படுவது. அவர் தேடுகிறார், தேர்கிறார், பிடித்ததை வைத்துக்கொள்கிறார். அத்திப்பட்டுத் தடத்தில் பாட்டு வந்த வழிகளைத் தொகுத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. இங்கே புதிய பாட்டு பெரும்பாலும் தேடப்படாமலே வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார், அதனால் நம் காதிலும் விழுந்தது. இந்தக் ‘கேட்க நேர்தல்’ இசை பரவும் வழிகளில் ஒன்று மட்டும் அல்ல, முதன்மையான வழி என்பது என் வாதம். அதற்கு எதிரான சான்றுகளும் இருக்கின்றன. அவற்றை ஆறாம் பகுதியில் எடுத்துக்கொள்கிறேன்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

எலிஹு காட்ஸும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் வெளியிட்ட நூல், பத்திரிகையும் வானொலியும் சொல்வது மக்களை நேராகச் சென்றடைவதைவிட, அவர்கள் மதிக்கும் அண்டை அயலார் வழியாகவே அதிகம் சென்றடைகிறது என்று வாதிட்டது. ஆய்வு நடந்தது அமெரிக்காவின் டெகேட்டர் என்ற சிறு நகரத்தில், அங்குள்ள பெண்களிடையே. சந்தையில் எதை வாங்குவது, எந்தப் படத்துக்குப் போவது என்பதில்கூடத் தெரிந்தவரின் சொல்லே எடுபட்டது என்பது அதன் முடிவு.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2006இல், மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் இசையை வைத்தே ஒரு சோதனை நடத்தினார்கள். யாரும் அறியாத குழுக்களின் 48 பாடல்கள் இணையத்தில் வைக்கப்பட்டன. 14,341 பேர் கேட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தத்தம் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதைக் காட்டினார்கள். மிக நல்ல பாட்டு அரிதாகவே தோற்றது, மிக மோசமானது அரிதாகவே வென்றது. இடைப்பட்ட பாடல்களோ ஓர் உலகத்தில் உச்சிக்கும் இன்னோர் உலகத்தில் அடிமட்டத்துக்கும் போயின. பிறர் எதைக் கேட்கிறார்கள் என்ற செய்தி அந்த அளவுக்கு வேலை செய்தது.

நம் வாதத்துக்கு இவ்விரண்டும் துணை என்றாலும் ஓரிடத்தில் போதாமல் போகின்றன. இரண்டிலும் கேட்பவர் முன்னால் தேர்வு இருக்கிறது. அண்டை வீட்டார் ஆலோசனைதான் சொல்கிறார், எண்ணிக்கை சாடைதான் காட்டுகிறது, முடிவெடுப்பது தனிநபர். தேநீர்க் கடையிலோ ரயில் பெட்டியிலோ சாவு வீட்டுப் பந்தலிலோ நடப்பது அப்படிப்பட்டதன்று. அங்கே பாட்டு முதலில் வந்துவிடுகிறது. பிடித்ததா இல்லையா என்பது பிறகு.

தமிழ்ச் சூழலை ஆராய்ந்தவர்கள் இந்த இடத்தை இன்னும் நெருங்கியிருக்கிறார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூல், மலிவுத் தாளில் அச்சாகிச் சந்தையிலும் தெருமுனையிலும் விற்ற குஜிலிப் பாட்டுகளைப் பற்றியது. கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று ஊரில் நடந்தவையெல்லாம் பாட்டாயின. அவை பாடிக் காட்டி விற்கப்பட்டவை என்பதால், காசு கொடுத்து வாங்காதவருக்கும் பாட்டு கிடைத்தது. 1920களில் தொடங்கித் தென்னிந்தியாவில் கிராமஃபோன் பரவிய கதையை எழுதிய ஸ்டீபன் ஹியூஸ், நாடகப் பாட்டுகள் இசைத்தட்டு வழியாகப் பெருந்திரளை அடைந்ததையும், தமிழ்ப் பேசும்படம் அந்த அடித்தளத்தின்மேல் எழுந்ததையும் காட்டுகிறார். தமிழகச் சிற்றூர் ஒன்றில் ஒலிநாடா ஒலிபரப்பை ஆராய்ந்து பால் கிரீன் 1999இல் எழுதிய கட்டுரை, ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டைப் போடும் செயலே வழிபாடாக இருக்கிறது என்கிறது. ஒருவர் கேட்பதற்காக மட்டுமே ஒலிக்காத இசை என்ற கருத்து இதில் இருக்கிறது. அந்தக் கருத்தை அத்திப்பட்டுத் தடத்துக்குக் கொண்டுவந்து பார்க்க விரும்புகிறேன்.

3. ஊர்ப் பொதுவில் ஒலித்தவை

சென்னையில் வானொலி தொடக்கத்திலேயே பொதுவெளியில் ஒலித்த கருவி. 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்திய சென்னை மாகாண வானொலி மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930இல் அந்தப் பணியை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. வீட்டில் பெட்டி வாங்க முடியாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. பின்னாளில் தமிழகச் சிற்றூர்களில் ஊராட்சிக்கென ஒரு வானொலி அறை இருந்ததை இன்றும் முதியவர்கள் ‘பஞ்சாயத்து ரேடியோ’ என்று நினைவுகூர்வார்கள். மாலையில் ஊராட்சிப் பணியாளர் பெட்டியைத் திறந்து வைப்பார். குழாயிலிருந்து செய்தியும் வேளாண் குறிப்பும் வரும், நடுநடுவே பாட்டு வரும். ஆடு ஓட்டிப் போகிறவரும் தண்ணீர்க் குடத்தோடு போகிறவரும் நின்று கேட்டார்கள். எந்தப் பாட்டு என்பதை முடிவு செய்தவர் நிலையத்தில் இருந்தார். எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்தவர் அறைச் சாவி வைத்திருந்தவர்.

1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, பாட்டு வேறு வழியில் வந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைத் தமிழகக் கடலோரம் முழுவதும் கேட்டது. பாட்டோடு, பாட்டை அறிமுகப்படுத்தும் குரலும் வந்தது. பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் பெயர் பாடகர் பெயருக்கு இணையாக இங்கே தெரிந்திருந்தது. ஏ. இ. மனோகரனின் பொப் பாடல்கள் பாக் நீரிணையைக் கடந்து வந்ததும் அப்போதுதான். அகில இந்திய வானொலி 1957இல் விவித் பாரதியைத் தொடங்கியது ஒருவகையில் இலங்கையிடம் நேயர்களை இழந்ததை ஈடுகட்டத்தான். கும்மிடிப்பூண்டி முகாமின் மூத்தவர்களும் அவர்களுக்கு அண்டையிலுள்ள தமிழகத்தவரும் கடலின் இரு கரையில் இருந்தபோதே ஒரே நிலையத்தைக் கேட்டவர்கள் என்பதை நினைக்கும்போது, பொதுவில் ஒலித்த வானொலி எவ்வளவு தூரம் எட்டியது என்பது புரிகிறது.

வானொலியைவிட ஊருக்கு நெருக்கமானவர் மைக் செட்காரர். ஆடி மாதக் கூழ் வார்த்தல், கலியாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மரத்தின்மேல் குழாய் ஸ்பீக்கர் ஏறும். விடியலில் போடும் பாட்டு, சாமி புறப்படும்போது போடும் பாட்டு, பந்தியின்போது போடும் பாட்டு என்று அவரிடம் ஒரு முறை இருந்தது. எல். ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகளும், கே. வீரமணியின் ஐயப்பன் பாட்டுகளும், நாகூர் ஹனிபாவின் பாட்டுகளும் வீட்டில் இசைத்தட்டோ ஒலிநாடாவோ இல்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு மனப்பாடமானது இவரால்தான். மதம் கடந்து மனப்பாடமானது என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அம்மன் கோயில் குழாய் பள்ளிவாசல் தெருவிலும் கேட்கும், நோன்புக்கால ஒலிநாடா கோயில் தெருவிலும் கேட்கும். தன் மதத்துக்கு வெளியே உள்ள இசையைத் தேடிப் போகும் பழக்கம் இல்லாதவர் காதிலும் அது நுழைந்தது. இதை ஒரு தமிழ்ச் செல்வமாகவே நான் கருதுகிறேன்.

4. கடைக்காரரின் காது

எண்பதுகளில் ஒலிநாடா மலிந்தபோது கடைத்தெருக்களில் ஒரு புதிய தொழில் முளைத்தது. வெற்று நாடா ஒன்றைக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். அறுபது நிமிட நாடா, தொண்ணூறு நிமிட நாடா என்று கணக்கு. பட்டியல் எப்போதும் நாடாவின் நீளத்துக்குச் சரியாக அமையாது. முடிவில் நாலைந்து நிமிடம் மிஞ்சும். அந்த மிச்சத்தில் கடைக்காரர் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டு நிரப்பினார். பட்டியலில் இல்லாத அந்தப் பாட்டு பலருடைய வாழ்நாள் பாட்டாக ஆனதுண்டு. வாடிக்கையாளரின் பட்டியலைப் படித்து அவருக்கு எது பிடிக்கும் என்று ஊகித்த கடைக்காரர், பின்னாளில் கணினி செய்யப்போகும் வேலையைக் காதாலும் ஞாபகத்தாலும் செய்தார். ஒரு வேறுபாடு உண்டு: அடுத்த முறை வரும்போது அவரிடம் சண்டை போடலாம், ‘இவர் பாடினது இன்னும் இருக்கா அண்ணே’ என்றும் கேட்கலாம்.

ஒலிநாடாவை அடுத்து எம்பி3 குறுந்தகடு, அதையடுத்து மெமரி கார்டு. கைபேசிக் கடைகளின் வாசலில் ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற அட்டை தொங்கிய காலம் அது. இணையம் விலை கூடுதலாக இருந்ததால் பாட்டு கடையில் ஏறி, ப்ளூடூத்தில் கை மாறியது. வட இந்தியக் கிராமங்களில் இதே நடைமுறையை ஆராய்ந்த நேகா குமார், தபன் பாரிக் இருவரும், நாட்டார் இசை கைபேசிகள் வழியாகப் புதிய உயிர் பெற்றதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் சகாராப் பகுதியில் கிறிஸ்டோபர் கர்க்லி மாலி நாட்டு இளைஞர்களின் மெமரி கார்டுகளில் இருந்த பாடல்களைச் சேகரித்துத் தொகுப்பாக வெளியிட்டார். பின்னர் உலக மேடைகளில் அறியப்பட்ட ம்டூ மொக்தாரின் பாட்டு வெளியுலகுக்குக் கிடைத்தது அந்தத் தொகுப்பால்தான். பாடியவரின் பெயர் கோப்பில் இல்லாததால் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பெயரில்லாக் கோப்பு என்பதை இங்கு நிறுத்திக் கவனிக்க வேண்டும். மெமரி கார்டில் ஏறிய பாட்டுக்குப் பெரும்பாலும் ‘ட்ராக் 07’ என்பது போன்ற பெயர்தான் இருந்தது. அது என்ன படம், யார் இசை என்று தெரிய ஒரே வழி கொடுத்தவரைக் கேட்பது. கொடுத்தவருக்கும் தெரியாவிட்டால் அவருக்குக் கொடுத்தவரைக் கேட்பது. பாட்டு போன வழியிலேயே கேள்வி திரும்பிப் போனது.

5. பெட்டிக்குள் பிறக்கும் பாட்டு

இத்தடத்துக்கென்று உள்ள தனி வழி ரயில்தான். சென்னைப் புறநகர் வண்டிகளில் காலையில் பஜனை பாடிக்கொண்டு போகும் குழுக்கள் உண்டு. கையடக்க ஒலிபெருக்கியும் மைக்குமாக பழைய திரைப்பாட்டுகளைப் பாடி வரும் பார்வையற்ற பாடகர்கள் உண்டு. இன்றைய இளைஞர் பலர் டி. எம். சௌந்தரராஜனையும் பி. பி. ஸ்ரீநிவாஸையும் முதலில் கேட்டது இவர்கள் குரலில்தான் என்று சொன்னால் மிகையாகாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்லூரி மாணவர்களின் கானா.

கானா வடசென்னையின் சாவு வீடுகளில் வளர்ந்த கலை. இறந்தவரின் குணத்தையும் அவர் பட்ட பாட்டையும் வாழ்வின் நிலையாமையையும் இரவெல்லாம் பாடுவார்கள். இராயபுரத்தில் அடங்கிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபின் (1792–1838) பாடல்களிலிருந்து கானாவுக்கு வேர் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால்தான் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்ற வழக்கும் உண்டு. சித்தர் பாடல்களின் சாயல் கானாவில் இருப்பது உண்மை. ஆனால் தொடர்ச்சியான ஒரு குரு மரபாக அதைக் காட்டப் போதிய சான்று இருப்பதாக நான் கருதவில்லை. துறைமுகம், பட்டறை, ரிக்சா நிறுத்தம், ஆலை ஆகியவற்றில் உழைத்த மக்கள், அதிலும் தலித் மக்கள், தம் வாழ்வைச் சொல்வதற்குத் தாமே உண்டாக்கிய வடிவம் என்பதே வலுவான விளக்கம்.

இந்தப் பாட்டு எப்படிப் பரவியது? தேவாவின் இசையில் தொண்ணூறுகளில் திரைக்கு வந்தது, 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் குரலில் நாடெங்கும் ஒலித்தது, 2012இல் ‘அட்டகத்தி’ வழியாகக் கானா பாலா அறியப்பட்டார் என்பது வழக்கமான வரலாறு. உண்மையான வரலாறுதான். ஆனால் திரைக்கு முந்திய ஒரு பரவலும் திரைக்குப் பக்கவாட்டில் நடந்த ஒரு பரவலும் இதில் விடுபடுகின்றன. வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஓர் இரவு கட்டப்பட்ட பாட்டு பொன்னேரிக்கு எப்படிப் போனது? ரயிலில்தான் போயிருக்க வேண்டும். சென்னைக் கல்லூரிகளில் படிக்கும் கும்மிடிப்பூண்டித் தட மாணவர்கள் ஒரே பெட்டியில் கூடுவார்கள். ஒருவர் பாட்டை எடுப்பார். பெட்டியின் தகரச் சுவரும் உள்ளங்கையுமே தாளக்கருவி. மற்றவர்கள் ஈற்றடியைத் திருப்பிச் சொல்வார்கள். எடுத்தவர் ஒரு சுற்று முடித்ததும் இன்னொருவர் அதே மெட்டில் தன் வரியைப் போடுவார். நண்பன் பெயர், கல்லூரிப் பெயர், ரூட்டின் பெயர் எல்லாம் உள்ளே வரும். கேட்டவர் அடுத்த நாள் பாடுகிறவர் ஆகிறார். எண்ணூரில் ஏறிய வரி அத்திப்பட்டு தாண்டும்போது மாறியிருக்கும்.

கண்டடைதல் என்ற சொல்லே இங்கே பொருந்தாமல் போகிறது. கண்டடையப்படும் பொருள் முன்பே முழுமையாக இருக்க வேண்டும். பெட்டியில் பாடப்படும் கானா, கேட்பவர் சேர்ந்துகொள்ளும்போதுதான் முழுமையாகிறது. புதிய பாட்டைக் கேட்பதும் புதிய பாட்டை உண்டாக்குவதும் ஒரே செயலின் இரண்டு பக்கங்களாக இருக்கும் இந்த நிலையை, நான் மேலே சொன்ன ஆய்வுகள் எவையும் தொடவில்லை. சல்கானிக் குழுவின் 48 பாடல்களும் சோதனை முடியும்வரை அப்படியே இருந்தன.

2017இல் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியே ஒரு பாட்டு வந்தது. கபேர் வாசுகி எழுதி டி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’. ரதீந்திரன் பிரசாத் இயக்கிய காணொளி கழிமுகத்திலேயே, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த நீர்ப்பரப்பின் நடுவே எடுக்கப்பட்டது. சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் அதன் பின்னணியில் இருந்தவர்களுள் ஒருவர். கர்நாடக இசையின் இராகங்களில் சென்னைப் பேச்சுத் தமிழ். யாருக்கு எது புதிதாகக் கிடைத்தது என்று பார்த்தால் இந்தப் பாட்டின் தனித்தன்மை விளங்கும். கிருஷ்ணாவின் பெயருக்காக வந்த சபா ரசிகருக்கு இராகம் பழசு, சாம்பல் ஆறு புதிது. கொசஸ்தலைக் கரையில் வலை வீசுபவருக்குச் சாம்பல் பழசு, இராகம் புதிது. ஒரே பாட்டு இரண்டு கரைகளிலும் வெவ்வேறு பொருளைப் புதிதாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில் தென்மாவின் இசையமைப்பில் கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்தபோதும் இதுவே நடந்தது. ராக் கேட்க வந்தவர் சாவு வீட்டு மெட்டைக் கேட்டார், கானா கேட்க வந்தவர் மின்கிதாரைக் கேட்டார். ஒருவர் கேட்க வந்ததன் பக்கத்திலேயே இன்னொன்றை வைப்பதுதான் இந்த மேடைகளின் உத்தி. ரயில் பெட்டியில் தானாக நடப்பதை இவர்கள் திட்டமிட்டு நடத்தினார்கள்.

6. மறுபக்கம்

கேட்க நேர்தலை இவ்வளவு உயர்த்திப் பேசும்போது ஒன்றை மறைத்துவிடக் கூடாது. கேட்க நேர்வது பல நேரம் கேட்க வைக்கப்படுவதாகவும் இருக்கிறது.

குழாய் ஸ்பீக்கர் யாருடைய மரத்தில் ஏறியது, யாருடைய தெருவை நோக்கித் திரும்பியது என்பதில் ஊரின் அதிகாரம் இருந்தது. பறை என்ற கருவியே சாவுக்குரியது, தீட்டுக்குரியது என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் எல்லா ஓசைக்கும் எல்லா வெளியும் திறந்திருக்கவில்லை. தேர்வு எழுதும் பிள்ளையும் இரவுப்பணி முடித்துத் தூங்குபவரும் விடியற்காலைக் குழாயால் பட்ட துன்பமும் உண்மை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. கேட்காமல் இருக்கும் உரிமையும் மனிதருக்கு உண்டு என்ற நிலைப்பாடு அதில் இருக்கிறது. அதை நான் ஏற்கிறேன்.

ரயில் கானாவும் குற்றமற்ற சோலை அல்ல. ஒரு தடத்தின் மாணவர் தலைவனுக்குத் தரப்படும் ‘ரூட்டு தல’ என்ற பட்டத்தைச் சுற்றி எழுந்த மோதல்கள் இரத்தக் காயம்வரை போயிருக்கின்றன. பாட்டு சில நாள் தடத்தின்மீது உரிமை கொண்டாடும் கூச்சலாகவும் இருந்தது. அந்தப் பெட்டியில் ஏறத் தயங்கிய பெண்கள் இருக்கிறார்கள். கானா ஆண்களின் கலையாகவே நெடுங்காலம் இருந்ததற்கு, அது பாடப்பட்ட இடங்கள் ஆண்களின் இடங்களாக இருந்ததும் ஒரு காரணம். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் கானா இசைவாணி இடம்பெற்றபோது அது செய்தியானதே, அந்தக் கதவு எவ்வளவு இறுக மூடியிருந்தது என்பதற்குச் சான்று. மேடையும் இணையக் காணொளியும் ஒரு பெண்ணின் கானாவைப் பெண்களின் வீடுகளுக்குள் கொண்டுபோயின. ரயில் பெட்டி அதைச் செய்யவில்லை.

தனிக்காதுக் கருவியும் பரிந்துரை நிரலும் வந்தபோது பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது விடுதலையாகவே இருந்திருக்கும். தான் விரும்பியதை யாருக்கும் விளக்கம் சொல்லாமல் கேட்க முடிகிறது. இந்த ஆதாயத்தைக் கணக்கில் எடுக்காமல் பழையதை ஏங்குவது நேர்மையாகாது. இனி நான் பேசுவது, இந்த ஆதாயத்தைக் கணக்கில் எடுத்தபின்னும் எஞ்சும் ஓர் இழப்பைப் பற்றி.

7. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை

2016 செப்டம்பரில் மலிவான இணையத்தோடு ஜியோ வந்தபின் பாட்டு ஏற்றித் தரும் அட்டைகள் கடைவாசலிலிருந்து மறைந்தன. இசைச் செயலிகள் மெமரி கார்டின் இடத்தைப் பிடித்தன. இந்தியாவில் பயன்படுத்தப்படும் இசைச் செயலிகள் பலவும் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்வி: எந்த மொழிப் பாட்டு வேண்டும்? பல மொழிகளைத் தொட அனுமதி உண்டு. ஆனால் தனக்குத் தெரியாத மொழியைத் தானாக யார் தொடுவார்? தமிழைத் தொட்டவருக்குத் தமிழும், போஜ்புரியைத் தொட்டவருக்குப் போஜ்புரியும் வந்துகொண்டிருக்கின்றன. அதற்குள் நிரல் மிகத் திறமையாகத் தேடித் தருகிறது என்பதை மறுக்க முடியாது. பரிந்துரை நிரல்களை உருவாக்குவோரிடையே களப்பணி செய்த நிக் சீவர், இந்த நிரல்களை விலங்குகளின் வழக்கமான தடம் அறிந்து வைக்கப்படும் பொறிகளோடு ஒப்பிட்டார். தடம் அறியப்படுவதுதான் இங்கு முக்கியம். ஒருவர் நடந்த தடத்திலிருந்தே அவருக்கு அடுத்த பாட்டு கணிக்கப்படுகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தடம் கணக்கில் வராது.

அத்திப்பட்டுத் தடத்தில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். ஒரே பெட்டியில் ஒடியா, போஜ்புரி, வங்கம், தெலுங்கு, தமிழ் பேசுவோர் தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள். ஒரே உலையின் முன், ஒரே கப்பல்துறையில் வேலை செய்கிறார்கள். துறைமுகச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களின் ஓட்டுநர்கள் பல மாநிலத்தவர். இந்த மண்ணில் இத்தனை மொழி இசையும் ஒருசேர இருந்த காலம் இதற்கு முன் இல்லை. ஆனால் அவை காதுக் கருவிக்குள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பெரிய ஒலிபெருக்கி வைத்த மலிவுக் கைபேசிகள் புழங்கியபோது, அறைக்கு வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தவரின் போஜ்புரிப் பாட்டு பக்கத்து வீட்டுத் தமிழருக்குக் கேட்டது. எரிச்சலாகக்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டது. அந்த டோலக்கின் ஓட்டம் கானாவின் டோலக்கைப் போல இருக்கிறதே என்று தோன்ற வாய்ப்பு இருந்தது. வட மாநிலத்தவர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்பட்ட மனிதர்களுக்கு ஊர் உண்டு, பிரிந்து வந்த மனைவி உண்டு, அறுவடைப் பாட்டு உண்டு என்பதை அவர்கள் இசையைவிடச் சுருக்கமாகச் சொல்லக்கூடியது வேறில்லை என்று நம்புகிறேன். அவர்கள் மொழி நமக்குப் புரியாது, மெட்டு புரியும்.

இது நிரலின் குற்றம் மட்டும் அன்று. பிறர் ஓசையைத் தொல்லையாகக் கருதும் நடுத்தர வர்க்கப் பண்பு, ஒலி மாசு பற்றிய நியாயமான கவலை, வந்தேறிகள் குறித்த அச்சம், நெரிசலில் ஒருவருக்குத் தேவைப்படும் சிறு தனிமை என எல்லாம் சேர்ந்தே காதுகளை மூடின. பன்னிரண்டு மணிநேரப் பணிக்குப் பிறகு ஒருவர் தன் மொழிப் பாட்டுக்குள் ஒதுங்கிக்கொள்வதை யாரும் குறை சொல்ல முடியாது.

கேட்க நேர்ந்த பாட்டின்மேல் எழும் முதல் கேள்வி ‘இது என்ன பாட்டு?’ என்பது. பஞ்சாயத்து ரேடியோ முன்னும், மைக் செட்காரரிடமும், ஒலிநாடாக் கடையிலும், மெமரி கார்டு கொடுத்த நண்பனிடமும் கேட்கப்பட்டது அதுதான். ஷசாம் என்ற சேவை 2002இல் பிரிட்டனில் தொடங்கியபோது, 2580 என்ற எண்ணை அழைத்துக் கைபேசியைப் பாட்டின் திசையில் நீட்டினால் பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். இப்போது அது செயலியாகி, சில நொடிகளில் பதில் சொல்கிறது. பதிவான பாட்டாக இருக்க வேண்டும், அதன் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கொருக்குப்பேட்டையில் ஒரு சாவுக்காக நேற்றிரவு கட்டப்பட்டு, இன்று மாலை வண்டியில் இரண்டு வரி மாறிப் பாடப்படும் கானாவின் முன்னால் அந்தச் செயலியைப் பிடித்தால் பதில் வராது. அந்தப் பாட்டுக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. அத்திப்பட்டு வருவதற்குள், தாளம் போடுகிறவரின் பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும்.